என் பெயரில் ஒரு நெஞ்சுப் படம்

எங்கள் வீட்டு பீரோவின் மேல், பழைய போர்வைக்கு அடியில், ஒரு எக்ஸ்ரே கவர் இருக்கிறது. படத்தின் மூலையில் என் பெயர், என் வயது, கம்பெனியில் எனக்குக் கொடுத்த நம்பர் எல்லாம் தப்பில்லாமல் அச்சாகியிருக்கிறது. படத்தில் இருக்கும் நெஞ்சு மட்டும் என்னுடையது இல்லை.

அது க்யூ அக்காவின் நெஞ்சு.

க்யூ அக்கா என்பது நாங்கள் வைத்த பெயர். ஆம்பூரில் நான் வேலை செய்யும் ஷூ கம்பெனியில், மேல்தோலை ஒட்டுவதற்கு சொல்யூஷன் தடவும் இடத்தில் என் பக்கத்து ஸ்டூல் அவருடையது. என்னைவிடப் பதினெட்டு வயது மூத்தவர். ஊரில் எங்கே வரிசை இருந்தாலும் அதில் யாருக்காவது நின்றுகொண்டிருப்பார். ரேஷன் கடையில் பக்கத்து வீட்டுக்காரிக்கு நிற்பார். ஆதாரில் பேர் திருத்த யாரோ போனால் அவர்களுக்காக விடியற்காலையிலேயே போய் நிற்பார். பெரியாஸ்பத்திரியில் ஓபி சீட்டுக்கு நிற்பார். சீட்டு கொடுக்கும் ஜன்னல் பக்கத்தில் வந்ததும், உரியவளைக் கைதட்டிக் கூப்பிட்டு இடத்தைக் கொடுத்துவிட்டு வெளியே வந்துவிடுவார். ஜன்னலுக்குள் இருப்பவரின் முகத்தை அக்கா ஒருநாளும் பார்த்திருக்க மாட்டார் என்று நினைக்கிறேன்.

"நான் நிக்கறேன், நீ போய் வா." வாயைத் திறந்தால் முதலில் வரும் பேச்சு இதுதான்.

"கால் வலிக்கலயாக்கா?" என்று கேட்டால், "ஒக்காந்தாத்தான்டி எனுக்கு வலி ஜாஸ்தி. நின்னா கம்மி" என்பார்.

ரொம்ப சாது என்று நினைத்துவிடக் கூடாது. யாராவது நடுவில் புகுந்தால், "இன்னாபா, ஒங்க மாமியா வூட்டு லைனா இது? பின்னால போ" என்று கத்துவதில் அந்தத் தெருவே திரும்பிப் பார்க்கும். அவரிடம் சொல்லாமல் நாமே போய் நின்றுவிட்டால் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசமாட்டார். வரிசையில் நின்றே ஊர்க் கதை முழுதும் தெரிந்து வைத்திருப்பார். யாருக்கு சர்க்கரை, யார் வீட்டில் சண்டை, எந்தப் பெண்ணுக்கு நாள் தள்ளிப்போயிருக்கிறது என்று மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அவிழ்த்துவிடுவார்.

ஒருநாள் கேட்டேன், "உனக்கு இதுல இன்னாக்கா லாபம்?"

"வூட்ல ஒக்காந்தா செவுத்தத்தான் பாக்கணும். லைன்ல நின்னா நாலு பேர் ஓடியாந்து, 'வந்துட்டேன்க்கா, வந்துட்டேன்க்கா'ன்றாங்க. எனுக்கு வேற யாரு அப்டி ஓடியாராங்க?" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். புருஷன் பெங்களூர் போய்த் திரும்பாதவர். நாட்றம்பள்ளியில் ஒரு தங்கை, அவ்வளவுதான்.

அக்காவின் கழுத்துக்குக் கீழே, தோளுக்குப் போகிற எலும்பில் ஒரு மேடு இருக்கும். ரேஷன் கடையில் யாருக்காகவோ பொங்கல் பை வாங்க நின்றபோது கூட்டம் தள்ளி, படியில் விழுந்து எலும்பு உடைந்தது. கட்டுப் போட்டு ஓய்வெடுக்கச் சொன்னார்கள். கட்டோடு போய் வேறு யாருக்கோ நின்றார். எலும்பு கோணலாகச் சேர்ந்துவிட்டது. ரவிக்கையைக் கொஞ்சம் விலக்கி அந்த மேட்டைக் காட்டி, "பாத்தியாடி, இது கவர்மெண்டு எனுக்குக் குடுத்த பொங்கல் பரிசு" என்பார்.

இனி என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். நான் பயந்தாங்கொள்ளி. எட்டாவதோடு படிப்பு நின்றுவிட்டது, பயம் மட்டும் நிற்கவில்லை. தலை வலித்தால் தலைக்குள் கட்டி என்று நினைப்பேன். கால் மரத்தால் வாதம். இதை எழுதும்போதுகூட இரண்டு தடவை நெஞ்சில் கை வைத்துப் பார்த்துவிட்டேன். எல்லாப் பயத்துக்கும் மேலே எக்ஸ்ரே பயம். என் அப்பா ராணிப்பேட்டையில் தோல் ஷெட்டில் வேலை செய்தவர். இருமிக்கொண்டே சைக்கிள் மிதித்துப் போய் வந்துகொண்டிருந்தார். ஒருநாள் நெஞ்சைப் படம் எடுத்தார்கள். அன்றைக்குப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. நோய் முன்னாலேயே இருந்திருக்கும், படம் அதைக் காட்டியது, அவ்வளவுதான் என்று இப்போது புரிகிறது. ஆனால் எங்கள் வீட்டில் அம்மா கடைசிவரை, "அந்தப் பாழாப்போன படத்த எடுக்காம இருந்திருந்தா மனுசன் இருந்திருப்பாரு" என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். அது என் மண்டையில் ஏறிவிட்டது.

ஒருநாள் கம்பெனிக்குள் எக்ஸ்ரே வண்டி வந்தது. எல்லோருக்கும் நெஞ்சுப் படம், டிபி இருக்கிறதா என்று பார்க்கப்போகிறார்கள் என்றார்கள். முதலில் கம்பெனி ஆட்களுக்கு, கான்ட்ராக்ட் ஆட்களுக்கு வேறொரு நாள். நான் கம்பெனி ஆள். அக்கா கான்ட்ராக்ட். இருமல் இல்லாத ஆள் எங்கள் பகுதியில் யாரும் கிடையாது. தோல் தூசி, சொல்யூஷன் நாற்றம் என்று இரண்டு காரணம் எப்போதும் கைவசம் இருக்கும். அக்காவும் இருமுவார். இருமிவிட்டு, "இந்த சொல்யூஷன் ஒருநாள் நம்ம கொடலயே ஒட்டிடும்டி" என்பார். நாங்கள் சிரிப்போம்.

வண்டிக்கு முன்னால் வரிசையில் நிற்கும்போது என் கை சில்லிட்டுப் போனது. டீக்கு வெளியே வந்த அக்கா என்னைப் பார்த்தார்.

"இன்னாடி, ஆட்டுக்குட்டி மாதிரி நடுங்கற?"

"எனக்கு வேணாம்க்கா. எதாவது தெரிஞ்சிட்டா இன்னாக்கா பண்றது?"

"இதுக்கா இவ்ளோ பேஜார் பண்ற? கார்டக் குடு. நான் நிக்கறேன்."

முகத்தில் மாஸ்க், தலையில் வலைத்தொப்பி, மேலே ஏப்ரன். கார்டில் இருந்த போட்டோவும் யாருக்கும் பொருந்துகிற மாதிரி மங்கல். நான் கார்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு பாத்ரூம் பக்கம் போய் நின்றுகொண்டேன்.

அக்கா திரும்பி வந்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "படம் எடுக்கற தம்பி கேக்கறான்டி, 'கர்ப்பமா இருக்கீங்களா'ன்னு. எனுக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சி. அப்பறம்தான் ஞாபகம் வந்துச்சி, நான் நீயாச்சேன்னு. 'இன்னும் இல்ல சார், சாமிகிட்ட வேண்டிக்கிட்டிருக்கேன்'னு சொல்லிட்டேன்."

சிரிப்பு இருமலாக மாறியது. கண்ணீரைத் துடைத்துக்கொண்டு, "ஒண்ணுதான்டி பேஜார். 'மூச்ச இழுத்துப் புடிங்க'ன்றான். புடிச்சா இருமல் வந்துடுது. மூணு தடவ எடுத்தான். நான் எவ்ளோ நேரம்னாலும் நிப்பேன், மூச்சு நிக்க மாட்டேங்குது" என்றார்.

அதற்கும் நான் சிரித்தேன். என் கார்டு எனக்குத் திரும்பி வந்துவிட்டது, என் நெஞ்சு படத்துக்குள் போகவில்லை, அந்த நிம்மதியில் வேறு எதுவும் காதில் ஏறவில்லை.

கொஞ்ச நாள் கழித்து கம்பெனி டிஸ்பென்சரியில் இருந்து சிஸ்டர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். கதவைச் சாத்தினார். ஒரு கவரை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"உங்க படத்துல ஒரு நிழல் தெரியுதும்மா. பயப்படாதீங்க. படம் சந்தேகத்ததான் சொல்லும். சளி டெஸ்ட் எடுத்தாத்தான் முடிவா தெரியும். டிபியா இருந்தாலும் மாத்திரையில சரியாய்டும்."

எனக்குப் பயம் வந்தால் புத்தி நின்றுவிடும். அப்பா, சைக்கிள், அம்மாவின் குரல் எல்லாம் ஒன்றாக வந்தன. என் மகனை யார் பள்ளிக்கூடத்துக்குக் கிளப்புவார்கள் என்று நினைத்தேன். அங்கேயே இருமல்கூட வந்தது. அழுதுகொண்டே படத்தை ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்த்தேன். நெஞ்சு முழுக்கக் கறுப்பு. நிழல் என்றாரே, இவ்வளவு பெரிய நிழலா?

"ஐயோ சிஸ்டர், முழுக்க கறுத்துப் போச்சே!"

"கறுப்பு நல்லதும்மா. அது காத்து இருக்கற எடம். அதோ மேல, வெள்ளையா பஞ்சு பிச்சு வச்ச மாதிரி இருக்கே, அதத்தான் நிழல்னு சொல்லுவோம்."

அந்த வெள்ளை நிழலைத் தேடிக்கொண்டு மேலே போன கண், கழுத்துக்குக் கீழே இருக்கும் எலும்பில் நின்றது. ஒரு பக்கம் நேராக இருந்தது. இன்னொரு பக்கம் நடுவில் புடைத்து, கோணலாக, முடிச்சுப் போட்ட மாதிரி இருந்தது. என் கை தானாக என் எலும்பைத் தடவிப் பார்த்தது. இரண்டு பக்கமும் வழவழவென்று நேர்.

பொங்கல் பரிசு.

அந்த நிமிஷம் எனக்கு வந்ததைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். எனக்கு வந்தது சந்தோஷம். ஐயோ அக்கா என்று மனசு பதறியது அதற்குப் பிறகுதான், ரொம்பப் பிறகு. முதலில் உடம்பெல்லாம் லேசாகி, கால் தரையில் பாவாத மாதிரி ஒரு சந்தோஷம். இது என்னுடையது இல்லை. நான் சாகமாட்டேன். சிஸ்டரிடம் எதுவும் சொல்லாமல் கவரை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். சாயங்காலம் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் இறங்கி ஆற்காட்டு மக்கன் பேடா ஒரு டப்பா வாங்கினேன். வீட்டுக்காரர், "இன்னா விசேஷம்?" என்று கேட்டதற்கு, "டெஸ்ட் பண்ணாங்க, எனக்கு ஒண்ணும் இல்ல" என்றேன். மகன் ஜீராவை விரலால் வழித்து நக்கினான். நான் இரண்டு தின்றேன். இனிப்பாகத்தான் இருந்தது.

மறுநாள் அக்காவிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. வெறுங்கையோடு போகவும் மனசு வரவில்லை. மிச்சம் இருந்த பேடாவைத் தூக்கு டப்பாவில் போட்டு எடுத்துப் போனேன். இப்போது நினைத்தால் எவ்வளவு கேவலம் என்று தோன்றுகிறது. அன்றைக்கு அது அன்பு மாதிரித்தான் இருந்தது.

சாப்பாட்டு நேரத்தில் டப்பாவைத் திறந்து நீட்டினேன்.

"அட, மக்கன் பேடா! இன்னாடி விசேஷம்?"

"சும்மாதான்க்கா."

அக்கா ஒன்றை வாயில் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு மென்றார். "இன்னொண்ணு குடு" என்று கேட்டு வாங்கித் தின்றார். சொல்யூஷன் கறை படிந்த விரல்களில் வழிந்த ஜீராவை நக்கினார். நான் என் சாப்பாட்டு டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போதுதான் வாய் வந்தது. எக்ஸ்ரே கவரைக் கையில் கொடுத்து, சிஸ்டர் சொன்னதைச் சொன்னேன். அக்கா கவரில் என் பெயர் எங்கே இருக்கிறது என்று கேட்டு, அதைத் தடவிப் பார்த்தார்.

"உன் பேர்லதானடி வந்திருக்கு? நீயே வச்சிக்கோ" என்று சிரித்தார்.

"விளையாடாதக்கா. ஆஸ்பத்திரிக்குப் போலாம் வா."

"போய்? கான்ட்ராக்ட்காரன் காதுல வுழுந்தா நாளைக்கே என் ஸ்டூல்ல வேற ஒருத்தி ஒக்காந்திருப்பா. எனுக்கு ஒண்ணும் இல்ல. சொல்யூஷன் இருமல்."

"நீ வரலன்னா நான் சாப்ட மாட்டேன்."

"சாப்டாம இரு. ஒடம்பு எளைக்கும். நல்லதுதான்."

அப்படிப் பேசினாலும் மறுநாள் என்னோடு டிஸ்பென்சரிக்கு வந்தார். சிஸ்டர் எங்கள் இரண்டு பேரையும் மாற்றி மாற்றித் திட்டினார். "வெளையாட்டா இது? உனக்கு சளி டெஸ்ட் எடுத்து ஒண்ணும் இல்லன்னு வந்துருக்கும். இவங்க பாட்டுக்கு இருமிக்கிட்டே எல்லாருக்கும் குடுத்துக்கிட்டு இருந்திருப்பாங்க. முத்திப்போய் ரத்தம் வந்தப்பறம் தெரிஞ்சிருக்கும்." பிறகு, சூப்பர்வைசரிடம் நான் சொல்லமாட்டேன், நாளைக்கே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்.

ஆஸ்பத்திரி வரிசையில் அக்கா பட்ட பாட்டை நான் மறக்கமாட்டேன். கைப்பிள்ளையோடு ஒருத்தி வந்தாள், "நீ முன்னால போம்மா" என்று இடத்தைக் கொடுத்தார். ஊன்றுகோலோடு ஒருவர் வந்தார், அவருக்கும் கொடுத்தார். அடுத்து ஒரு பள்ளிக்கூடப் பெண்ணுக்கும் கொடுக்கப் போனார். நான் அவர் முந்தானையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். ஜன்னலுக்கு வந்தோம்.

"பேஷண்ட் யாரு?" என்றார் உள்ளே இருந்தவர்.

அக்கா பழக்கத்தில் பின்னால் திரும்பிப் பார்த்தார், யாரையோ கைதட்டிக் கூப்பிடப் போகிறவர் மாதிரி. பின்னால் நான் மட்டும் நின்றிருந்தேன். மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பினார். வரிசையில் புகுந்தவர்களை அதட்டும் அந்தப் பெரிய குரல் எங்கே போனதோ தெரியவில்லை.

"நான்தான்" என்றார். உள்ளே இருந்தவருக்குக் கேட்கவில்லை, அக்கா இரண்டாவது தடவை சொல்ல வேண்டியிருந்தது.

அக்கா பெயரிலேயே புதிதாகப் படம் எடுத்தார்கள். அதே நிழல். சளியிலும் டிபி என்று வந்துவிட்டது. என் பெயர் போட்ட படத்தை டாக்டர் வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டதால் அது என்னோடு வீட்டுக்கு வந்தது. பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்தவர்கள், சேர்ந்து சாப்பிட்டவர்கள் எல்லோரும் படம் எடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

இந்த முறை எனக்குப் பதிலாக நிற்க ஆள் இல்லை. சில்லென்ற பலகையில் நெஞ்சை ஒட்டிக்கொண்டு நின்றேன். அக்கா கதவுக்கு வெளியே, மாஸ்க் போட்டுக்கொண்டு, "நான் இங்கதான்டி நிக்கறேன்" என்று குரல் கொடுத்தார். உள்ளே இருந்த தம்பி, "மூச்ச இழுத்துப் புடிங்க" என்றார். பிடித்தேன். "விடலாம்" என்றார். நான் விடவில்லை. "ஏம்மா, விடுங்க, முடிஞ்சிடுச்சி" என்று இரண்டாவது தடவை சத்தமாகச் சொன்ன பிறகுதான் விட்டேன்.

எனக்கு ஒன்றும் இல்லை. மறுபடி அந்தச் சந்தோஷம் எட்டிப் பார்த்தது. இந்தத் தடவை எதுவும் வாங்காமல் வீட்டுக்குப் போனேன்.

அக்கா சொன்னது நடந்தது. மாத்திரை ஆரம்பித்த புதிதில் குமட்டலும் அசதியுமாக லீவு போட்டார். திரும்பி வருவதற்குள் அவர் ஸ்டூலில் வேறு ஒரு பெண் உட்கார்ந்துவிட்டாள். என்ன வியாதி என்று கான்ட்ராக்ட்காரருக்குத் தெரியாது. லீவு போட்டதே போதுமாக இருந்தது. வா வா என்று இழுத்துக்கொண்டு போனது நான். போகாமல் விட்டிருந்தால் அக்கா உயிர் போயிருக்கும் என்று எனக்கே தெரியும். இருந்தாலும் அந்தப் புதுப் பெண் பக்கத்தில் உட்கார்ந்து சொல்யூஷன் தடவும்போது என் கை ஓடாது. அக்கா தங்கை வீட்டுக்கு நாட்றம்பள்ளிக்குப் போனார். போன் பண்ணினால் நான் கேட்பதற்கு முன்னால் அவர் கேட்பார், "நெஞ்சு எப்டி இருக்கு ஒனுக்கு? இருமல் கிருமல் இல்லியே?"

ஆறு மாதம் மாத்திரை முடிந்து கடைசிப் படம் எடுக்க வந்தார். நான் லீவு போட்டுவிட்டுப் போனேன். உடம்பு கொஞ்சம் தேறியிருந்தது. எக்ஸ்ரே ரூமில் இருந்து வெளியே வரும்போதே முகத்தில் சிரிப்பு. "ஒரே தடவைல எடுத்துட்டான்டி. மூச்சு நின்னுச்சி."

டாக்டர் அக்காவின் முதல் படத்தையும் புதுப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பஞ்சு போலிருந்த இடத்தில் இப்போது இரண்டு மெல்லிய கோடுகள்தான். "இது தழும்பும்மா. இது போகாது. நோய் இல்ல" என்றார்.

வெளியே வந்ததும் அக்கா, "இங்கயே நில்லு, வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு ரோட்டைத் தாண்டிப் போனார். எதிரே இருந்த பேக்கரிக் கூட்டத்தில் நுழைந்தார். கையில் ஒரு டப்பாவோடு திரும்பினார். திறந்து நீட்டினார். மக்கன் பேடா.

"இன்னாக்கா விசேஷம்?" என் வாயில் வந்துவிட்டது.

"எனுக்கு ஒண்ணும் இல்லன்னு சொல்ட்டாங்கல்ல, அதுக்குத்தான். அன்னிக்கு நீ வாங்கினியே, அதே மாதிரி."

எனக்கு முகம் மரத்துப் போனது. "உனக்கு அன்னிக்கே தெரியுமாக்கா?"

"எக்ஸ்ரே கவரு உன் பையில முறம் மாதிரி நீட்டிக்கிட்டு இருந்துச்சி. பேடாவும் குடுக்கற, மூஞ்சியும் பாக்க மாட்டேங்கற. அந்தப் படத்துக்கு நின்னவளுக்குத் தெரியாம இன்னாடி?" என்று சிரித்தார். "அதனாலதான் இன்னொண்ணு கேட்டு வாங்கித் தின்னேன். வியாதி எனுக்குக் கெடச்சதுக்கு, பேடாவாவது உன் பங்குல இருந்து ஒண்ணு எனுக்கு ஜாஸ்தி வரட்டும்னு."

நான் டப்பாவில் கை வைக்கவில்லை. அக்காவே ஒரு பேடாவை எடுத்து என் வாயில் வைத்தார். ஆஸ்பத்திரி வாசலில், போகிறவர் வருகிறவர் எல்லாம் பார்க்க, அதை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல், எக்ஸ்ரே ரூமில் நின்ற மாதிரியே மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அக்கா என் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார்.

"விடுடி" என்றார்.